பதினெட்டுப் படியும் ஒரு புள்ளடியும்

நாங்கள் நாட்டுக்காகப் பந்தயம் கட்டவில்லை. பனிக்காகக் கட்டினோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விட்டால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள்.

மொன்றியலில் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு இரண்டு தட்டு வீடு. மேல்தட்டில் நானும் என் மனைவி றோசாவும். கீழ்த்தட்டில் கணேசலிங்கமும் அவர் மனைவி சிவநேசம் ரீச்சரும். இந்த ஊரில் படிக்கட்டை வீட்டுக்கு உள்ளே வைக்கிற புத்தி எவனுக்கும் வரவில்லை. வெளியே, தெருவைப் பார்த்து, இரும்பில் வளைத்து வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்குப் பதினெட்டுப் படி. "ஐயப்பனுக்கும் பதினெட்டுத்தான், ஏறினால் புண்ணியம்" என்பார் கணேசலிங்கம். அவர் ஏறுவதில்லை. நான் வேதக்காரன், கிறிஸ்தவன், எனக்கு அந்தப் புண்ணியமும் கிடையாது.

வாடகை ஒப்பந்தத்தில் 'குடியிருப்பவர் பனியை அகற்ற வேண்டும்' என்று இருக்கிறது. எந்தக் குடியிருப்பவர் என்று இல்லை. வீட்டுக்காரன் இத்தாலிக்காரன், கேட்டால் இரண்டு கையையும் விரிப்பான். படி உங்களுக்குத்தானே, நீங்களே தள்ளுங்கள் என்பது கணேசலிங்கத்தின் கட்சி. படியில் தள்ளினால் அது உங்கள் வாசலில் விழுகிறது, அதை யார் தள்ளுவது என்பது என் கட்சி. ஆறு வருடமாக இதே வழக்கு. எனக்கு எழுபது வயது. இருபத்திரண்டு வருடம் ஒரு சாப்பாட்டுக் கடையில் நின்றபடி கோப்பை கழுவி, வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. டாக்டர் படம் எடுத்துக் காட்டினார். படத்தை நான் நம்பவில்லை. வலியை நம்பினேன்.

கணேசலிங்கம் யாழ்ப்பாணக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர். கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி அல்ல, அரசாங்கக் கந்தோர், அலுவலகம். ஐந்து தேர்தலில் வாக்குச் சாவடிக்குப் பொறுப்பாக இருந்ததை நாளுக்கு ஐந்து தரம் சொல்லுவார். நான் மட்டக்களப்பு, நாலாம் வகுப்பு. நான் எதையும் நடத்தவில்லை.

2009ஆம் ஆண்டு வைகாசியில் ஊரில் எல்லாம் முடிந்தது. அதைப் பற்றி எழுத என் படிப்புப் போதாது. அதே வருடம் மார்கழியில் கனடா முழுக்கத் தமிழ்ச் சனம் வாக்குப் போடப் போகிறது என்றார்கள். தனிநாடு வேண்டுமா, வேண்டாமா. ஆம், இல்லை. எங்கள் பகுதிக்கு ஒரு தேவாலயத்தின் பேஸ்மென்டில் பெட்டி. பெட்டிக்குப் பொறுப்பு யார்? வேறு யார்.

தெருமுனையில் மகேந்திரராசாவின் தெப்பனேர் கடை. பால், சிகரெட், லொத்தர் விற்கிற சின்னக் கடை. பின்பக்கத்தில் பால் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு நாங்கள் நாலைந்து கிழவர்கள் குந்தியிருப்போம். கணேசலிங்கம் அங்கேதான் தன் நியமனத்தை அறிவித்தார்.

"ஆரு கேக்கிறாங்க இந்தக் கேள்வியை?" என்று நான் கேட்டேன்.

"நாங்கள்தான்."

"ஆருட்ட?"

"எங்களிட்டத்தான்."

"அப்ப பெட்டி என்னத்துக்கு? இந்தக் கூடையில இருந்தே கேட்டு முடிக்கலாமே."

"உங்களுக்கு உது விளங்காது, மரியதாஸ். உலகம் பாக்கவேணும். எழுதி வையுங்கோ, நூற்றுக்கு நூறு. என்ர பெட்டியில ஒரு 'இல்லை' விழாது."

எனக்கு அந்த 'என்ர பெட்டி'தான் பிடிக்கவில்லை.

"பன்னிரண்டு பேர் இருந்த மேசையிலயே ஒருத்தன் எழும்பிப் போனவன், கிளாக்கர். உங்கட பெட்டிக்கு நானூறு பேர் வரப்போறாங்க. ஒண்டாவது விழும்."

"அது உங்கட வேதத்தில. எங்கட சனம் இப்ப அப்பிடி இல்லை."

"எங்கட சனத்தை எனக்குத் தெரியும். வேற ஒண்டுக்கும் இல்லாட்டியும் கை அரிப்புக்கெண்டு ஒருத்தன் மாறிப் போடுவான்."

"பந்தயமோ?"

"பந்தயம்."

என்ன பந்தயம் என்பது வரவில்லை. மகேந்திரராசா கண்ணாடி வழியே வெளியே பார்த்தார். அந்த வருடத்து முதல் பனி அப்போதுதான் தூவிக்கொண்டிருந்தது.

"பனியைக் கட்டுங்கோவன், ரெண்டு பேரும். எங்கட காதும் ஓயும்," என்றார்.

கணேசலிங்கம் லொத்தர்த் துண்டின் பின்பக்கத்தில் கச்சேரித் தமிழில் எழுதினார். 'மேற்படி பெட்டியில் இல்லை எனும் செல்லுபடியான வாக்கு ஒன்றேனும் காணப்படுமிடத்து, கீழ்த்தட்டார் பதினெட்டுப் படியையும் நடைபாதையையும் சித்திரை மாதம் வரை பனியகற்றுவார். காணப்படாவிடத்து மேல்தட்டார் அகற்றுவார்.' இரண்டு பேரும் கையெழுத்து வைத்தோம். நான் 'மரியதாசன்' என்று முழுதாக எழுதி முடிப்பதற்குள் அவர் கையெழுத்தின் மை காய்ந்துவிட்டது. மகேந்திரராசா அதைச் சிகரெட் தட்டுக்கு மேலே ஒட்டினார்.

அதை ஒட்டாமல் விட்டிருக்கலாம்.

இரண்டு நாளில் கதை பகுதி முழுக்கப் பரவியது. கடைக்கு வருகிறவன் எல்லாம் அந்தத் துண்டை வாசித்துவிட்டு, "நான் கிளாக்கர் பக்கம்!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனான். என் பக்கம் ஒருவரும் இல்லை. அதாவது, சத்தமாக இல்லை. பேருந்து நிறுத்தத்தில், துணி துவைக்கிற கடையில், பூசை முடிந்து வெளியே வரும்போது, யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பார். இரண்டு பக்கமும் பார்ப்பார்.

"அண்ணை, நானும் உங்கட பக்கம்தான். பேரைச் சொல்லிப் போடாதையுங்கோ."

"அப்ப நீ 'இல்லை' போடப்போறியா?"

"ஐயோ, நானோ! நான் 'ஆம்'தான். ஆனா விழும்."

இப்படி ஒன்பது பேர். ஒன்பது பேரும் 'ஆம்' போடுகிறவர்கள். ஒன்பது பேருக்கும் ஒரு 'இல்லை' விழும் என்று நிச்சயம். அதை யார் போடப் போகிறான் என்று கேட்டால், ஒவ்வொருத்தனும் மற்றவர்களைப் பார்த்தான்.

றோசா ஒரு கார்தெரியில், பிள்ளைகளைப் பகலில் விட்டுவிட்டுப் போகிற இடத்தில், பதினைந்து வருடம் சமைத்தவள். என்னைவிடக் கூடப் பேர் பேசுவதைக் கேட்டவள். ஒரு நாள் வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னாள்:

"ஒண்டு கேக்கிறன். பெட்டியில ஒரு 'இல்லை' விழுந்தா ஆருட வாக்கெண்டு சொல்லுவாங்க?"

"அது ரகசியம்கா. ஒருத்தருக்கும் தெரியாது."

"நானூறு பேர். அதில ஒருத்தன் மட்டும் 'இல்லை' விழும், விழவேணும் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியுறான். பந்தயமும் கட்டி, கையெழுத்தும் வச்சி, கடையிலயும் ஒட்டியிருக்கான். அவன் ஆரு?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தோற்றால் இந்தக் காலோடு சித்திரை வரை பனி தள்ள வேண்டும். வென்றால் துரோகி. இந்தக் காலத்தில் எங்கள் சனத்துக்குள்ளே அந்தப் பெயர் ஒட்டினால் பனி மாதிரிச் சித்திரையில் கரையாது. என் செத்த வீட்டுக்கும் ஆள் வராது.

உடனே கீழே இறங்கிப்போய்க் கதவைத் தட்டினேன்.

"கிளாக்கர், பந்தயத்தை விடுவம். நானே தள்ளுறன்."

கணேசலிங்கம் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "கையொப்பம் வைச்சாச்சு, மரியதாஸ். சாட்சியும் இருக்கு. முடிவு வரட்டும். முடிவு வராமல் நீங்கள் பனி தள்ளினால் அது சட்டவிரோதம்."

"பனி தள்ளுறது சட்டவிரோதமா?"

"இந்த ஒப்பந்தப்படி, ஓம்."

சரி, நானே 'ஆம்' போடுகிறேன், எல்லோரும் பார்க்கிற மாதிரிப் போடுகிறேன் என்று முடிவு செய்தேன். வேறு எவன் 'இல்லை' போட்டாலும் என் தலையில் விழாது. பனி போனால் போகட்டும்.

வாக்களிப்பு ஒரு சனிக்கிழமை. பேஸ்மென்டில் சனம் நிறைந்திருந்தது. வேறு சனிக்கிழமைகளில் அங்கேதான் சிவநேசம் ரீச்சர் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிப்பாள். ஊரிலும் முப்பத்திரண்டு வருடம் படிப்பித்தவள். வாக்குப் போடுவது அன்றைக்குத்தான் அவளுக்கு முதல் தரம். ஊரில் தேர்தல் என்றால் புருசன் வேறெங்கோ கடமையில் இருப்பார், ரீச்சர் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருப்பாள். பிறகு சனம் தேர்தலையே பகிஷ்கரித்த காலம். இங்கே குடியுரிமை எடுத்தும், இவர்கள் தேர்தல் நமக்கெதற்கு என்று விட்டுவிட்டாள்.

கணேசலிங்கம் கோட்டும் கழுத்துப் பட்டியும் கட்டி, மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து இருந்தார். பக்கத்தில் நிரஞ்சலா. இங்கே பிறந்து வளர்ந்த பெண், மடிக்கணினியோடு, எண்ணிக்கையை ரொறன்ரோவுக்கு அனுப்புகிற பொறுப்பு. சுவரில் கணேசலிங்கம் தன் கையால் எழுதிய அறிவித்தல்:

'புள்ளடி மட்டுமே செல்லுபடியாகும். சரி அடையாளமோ வேறு அடையாளங்களோ கணக்கில் எடுக்கபடாது.'

புள்ளடி என்றால் வாக்குத் தாளில் போடுகிற பெருக்கல் குறி.

"இவ்வளவு இறுக்கம் என்னத்துக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

"தொண்ணூற்றஞ்சில கியூபெக்காரர் தங்கட பிரிவினை வாக்கெடுப்பில என்ன செய்தவை? புள்ளடி கோணல், புள்ளடி நீளம் எண்டு வாக்குகளைத் தள்ளி, வருசக்கணக்காச் சண்டை பிடிச்சவை. என்ர பெட்டியில அந்தப் பேச்சுக்கு இடமில்லை. புள்ளடி எண்டால் புள்ளடி. இல்லையெண்டால் இல்லை."

ரீச்சர் அறிவித்தலின் முன்னால் நின்றாள். புருசன் எழுதுவதில் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்க்கிற வழக்கம் அவளுக்கு இல்லை, எழுத்துப் பிழை மட்டும் பார்ப்பாள். கைப்பையைத் திறந்து சிவப்புப் பேனை எடுத்து, 'எடுக்கபடாது' என்றதில் ஒரு 'ப்' போட்டு வளைத்துவிட்டு, வரிசைக்குப் போனாள். ஐந்து தேர்தல் நடத்தியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அது பன்றிக் காய்ச்சல் வருடம். மறைப்புக்குள் நூலில் கட்டித் தொங்கவிட்ட நீலப் பேனையை ரீச்சர் தொடமாட்டாள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த நேரம் எனக்கு என் கவலை. அவள் வெளியே வந்து வாக்கைப் பெட்டியில் போட்டுவிட்டு, "வடிவாத் திருத்திப் போட்டன்," என்று பொதுவாகச் சொன்னாள். ரீச்சர்மார் எதையும் திருத்தித்தான் போடுவார்கள் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

என் முறை வந்தது. உள்ளே போய்த் தாளில் 'ஆம்' என்ற பெட்டியில் புள்ளடி போட்டேன். தடிப்பாகத் தெரியட்டும் என்று மூன்று தரம் அதன் மேலேயே எழுதினேன். பிறகு தாளை மடிக்காமல், தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி வெளியே வந்தேன்.

"எல்லாரும் பாருங்க! நான் 'ஆம்'!"

கணேசலிங்கம் கதிரையை விட்டுப் பாய்ந்து எழுந்தார். "மடியுங்கோ! மடியுங்கோ! இது ரகசிய வாக்கெடுப்பு!"

"ரகசியம் எனக்கு வேணாம்."

"உங்களுக்கு வேண்டாட்டியும் சட்டத்துக்கு வேணும். காட்டின வாக்குச் செல்லாது!" என்று சொல்லி, என் கையிலிருந்து தாளைப் பறித்துத் தலைகீழாகப் பிடித்து, கிழித்து, எனக்குப் புதுத் தாள் தந்தார். "இதை மடிச்சுப் போடுங்கோ."

திரும்பவும் உள்ளே போனேன். திரும்பவும் 'ஆம்' போட்டேன். மடித்துப் பெட்டியில் போட்டேன். திரும்பிப் பார்த்தால் வரிசை முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு கிழவி பக்கத்தவளிடம் சொன்னாள்: "முதல் 'ஆம்' எண்டு காட்டிப்போட்டு, ரெண்டாவதை ஏன் ஒளிச்சுப் போட்டவர்?"

பின்னேரம் ஐந்தரைக்குப் பெட்டியைத் திறந்தார்கள். வெளியே இருட்டி, பனி கனமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. வாக்குப் போட்டவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போகவில்லை. தனிநாடு வருமா என்று பார்க்கவா, பனி யார் தள்ளுவது என்று பார்க்கவா, எனக்குத் தெரியாது. என்னிடம் காதில் சொன்ன ஒன்பது பேரும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள்.

கணேசலிங்கம் ஒவ்வொரு தாளாக விரித்து, "ஆம்... ஆம்... ஆம்..." என்றார். நூறு தாண்டியது. இருநூறு தாண்டியது. முந்நூற்று எழுபதில் நான் சிலுவை போட்டு, பனி தள்ளுவதற்கு மனதைத் தயார் செய்துவிட்டேன். முழங்கால் தேய்ந்தால் தேயட்டும், பேர் தப்பினால் போதும். அப்போது அவர் குரல் நின்றது.

தாளைக் கிட்டப் பிடித்தார். எட்டப் பிடித்தார். சுவரில் இருந்த தன் அறிவித்தலைப் பார்த்தார்.

"இதில 'ஆம்' எண்ட பெட்டியில சரி அடையாளம். 'இல்லை' எண்ட பெட்டியில புள்ளடி. அறிவித்தலின்படி சரி அடையாளம் கணக்கில் எடுக்கப்படாது." 'ப்' என்பதை அழுத்தினார். "ஆகவே மிஞ்சுறது புள்ளடி." அவர் முகம் வெளுத்தது. ஆனாலும் சொன்னார். அந்த மனுசனிடம் எனக்குப் பிடிக்காதது நூறு உண்டு, கள்ளம் மட்டும் இல்லை. "இல்லை. ஒண்டு."

மிச்சத் தாள்கள் எல்லாம் ஆம். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டில், ஒன்று இல்லை. நிரஞ்சலா தட்டினாள். தட்டியது ரொறன்ரோவுக்குப் போனது.

பிறகு எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"நானில்லை," என்றேன்.

"பாருங்கோ, வாயில வாறதே 'இல்லை'தான்," என்றான் ஒருவன். அவன் என் பக்கம் என்று பேருந்து நிறுத்தத்தில் சொன்னவன்.

"இல்லை, நான் போடயில்லை!"

"திரும்பவும் பார்!"

"இல்லையெண்டா இல்லை!"

மூன்று தரம் மறுதலித்தாயிற்று. சேவல் கூவாததுதான் குறை.

நான் மேசைக்குப் போனேன். "அந்தத் தாளை எனக்குக் காட்டுங்க. பந்தயம் கட்டினவன் நான்."

கணேசலிங்கம் யோசித்தார். "தொடாமல் பாக்கலாம்."

குனிந்து பார்த்தேன். 'ஆம்' பெட்டியில் அழகான ஒரு சரி, வால் மேலே நீண்டது. 'இல்லை' பெட்டியில் மூலைக்கு மூலை இழுத்த ஒரு கோடு, அதற்குக் குறுக்கே இன்னொரு கோடு. இரண்டாவது கோட்டின் நுனியில், எரிச்சலோடு கையை எடுத்த மாதிரி ஒரு சின்னச் சுழிப்பு. அறுபது வருடத்துக்கு முந்தி என் சிலேட்டிலும் கொப்பியிலும் பக்கம் பக்கமாக அதைத்தான் பார்த்தேன்.

"கிளாக்கர், இது பிழை," என்றேன்.

"என்ன பிழை? என்ர முடிவு சட்டப்படி சரி."

"சரியும் கிடக்கு, பிழையும் கிடக்கு. வடிவாப் பாருங்க."

"சரி கணக்கில இல்லையெண்டு சொன்னனான்தானே. புள்ளடிதான் கணக்கு."

"ஐயா, அது புள்ளடி இல்ல. பிழை. சரியான மறுமொழிக்குச் சரி போட்டிருக்கு, பிழையான மறுமொழிக்குப் பிழை போட்டிருக்கு."

"அது பிழையெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நாலு வருசம் வாங்கினவன் நான். நீங்க ஒருநாளும் வாங்கியிருக்க மாட்டீங்க."

அவருக்கு இன்னும் விளங்கவில்லை. நான் குரலை இறக்கினேன். "மறைப்புக்குள்ள கட்டிக் கிடக்கிறது நீலப் பேனை. இது என்ன நிறம்?"

அவர் பார்த்தார். சுவரிலிருந்த அறிவித்தலைப் பார்த்தார். 'ப்' என்ற அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கதிரையில் இருந்தார்.

"பிள்ளை நிரஞ்சலா," என்றார். "அந்த ஒண்டைச் செல்லாத வாக்கெண்டு மாத்தேலாதோ?"

"அனுப்பியாச்சு, அங்கிள். ஸே ஃபினி, முடிஞ்சுது."

"ஏன் மாத்தவேணும்? ஆரைக் காப்பாத்த?" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. சனத்துக்கு நானூற்றுப் பதினொரு ஆம் போதவில்லை. அந்த ஒரு இல்லை வேண்டியிருந்தது.

நான் வாயைத் திறந்தேன். சொல்லத்தான் திறந்தேன். நான் நல்லவன் என்று நீங்கள் நினைக்க வேண்டாம். சொன்னால் பேரும் தப்பும், பனியும் தப்பும். இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது என் ஆயுளில் அதுதான் முதல் தரம். அந்த நேரம் பார்த்து சிவநேசம் ரீச்சர் சனத்தை விலக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"மரியதாஸ், நீங்களோ? ஒரே கூரைக்குக் கீழ இருந்துகொண்டு? ஏழு மாசமா என்ர தம்பியைப் பற்றி ஒரு சேதி இல்லை. உயிரோட இருக்கிறானோ எண்டு தெரியாது. அவன்ர பேரை நினைச்சுக்கொண்டுதான் இண்டைக்கு இந்தத் தாளை நான் தொட்டனான். நீங்கள் பனிக்காக 'இல்லை' போட்டியளோ?"

கைப்பையின் வாயில் அந்தச் சிவப்புப் பேனை நீட்டிக்கொண்டிருந்தது.

வாய் தானாக மூடிக்கொண்டது. எனக்கே அது பிடிக்கவில்லை. திரும்பிக் கணேசலிங்கத்தைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படித்தான் நான் வென்றேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சரக், சரக் என்று சத்தம். எழுபத்திரண்டு வயதுக் கணேசலிங்கம், காது மூடிய தொப்பியோடு, கீழ்ப்படியிலிருந்து மேலே தள்ளிக்கொண்டு வந்தார். பனியை மேலிருந்து கீழே தள்ள வேண்டும் என்பதுகூட அந்த மனுசனுக்குத் தெரியாது. கீழே கதவு திறந்தது.

"ஏனப்பா உந்தத் துரோகிக்குப் பனி தள்ளுறியள்?" ரீச்சரின் குரல்.

"பந்தயம் பந்தயம்தான்."

"மனச்சாட்சி உள்ளவனெண்டால் அவரெல்லோ வந்து தள்ளவேணும்!"

சரக், சரக்.

தை மாதம் முழுக்க அப்படியே போனது. கடையில் நான் போனால் பால் கூடைகள் காலியாகும். மகேந்திரராசா மட்டும், வியாபாரி என்பதால், மெர்சி என்று நன்றி சொல்லுவார். கோயில் பக்கம் போனால் பெண்கள் தெருவைக் கடந்து மற்றப் பக்கம் போனார்கள். ஆனால் மேல்தட்டுக் கதவில் பொட்டலங்கள் தொங்கத் தொடங்கின. ஒரு நாள் கருவாடு. ஒரு நாள் பனங்கட்டி. பேர் இல்லை. ஒன்றில் மட்டும் 'நான் சொன்னேன்தானே விழும் என்று' என ஒரு துண்டு இருந்தது. நான் ஒன்றையும் தின்னவில்லை, என்ன கலந்திருக்கிறதோ யார் கண்டது. றோசா எல்லாவற்றையும் தின்றாள்.

தையின் மூன்றாவது கிழமையில் என்னால் ஏலாமல் போய்விட்டது. இரக்கம் அல்ல. அவர் தள்ளுகிற விதம் பார்க்கச் சகிக்கவில்லை. நானும் பனி தள்ளுகிற ஒரு சவளோடு இறங்கி மேலிருந்து தொடங்கினேன். ஒன்பதாம் படியில் இரண்டு பேரும் சந்தித்தோம்.

"இது ஒப்பந்தத்துக்கு முரண்," என்றார் கணேசலிங்கம், மூச்சு வாங்கிக்கொண்டு.

"வழக்குப் போடுங்க."

ரீச்சர் கதவைத் திறந்து ஒரே ஒரு கோப்பைத் தேநீர் நீட்டினாள், புருசனுக்கு. அவர் பாதி குடித்துவிட்டு, மிச்சத்தை என் பக்கத்துப் படியில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சொல்லிப்போடட்டோ அவவுக்கு?" என்று மெல்லக் கேட்டார்.

"தம்பி பற்றிச் சேதி ஏதும் வந்ததா?"

"இல்லை."

"அப்ப சும்மா இருங்க."

மாசி மாதக் கடைசியில் ஒரு நாள், பதினெட்டுப் படியிலும் காலடிச் சத்தம் கேட்டது. இரண்டு மாதமாக மேலே வராத சிவநேசம் ரீச்சர். என்னைப் பார்க்காமல், என்னைத் தாண்டி, குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற றோசாவிடம் போனாள். கையில் ஒரு கடிதம்.

"றோசா, உமக்குத்தான் பிரெஞ்சு நல்லா வரும். இதை ஒருக்கா வாசியும். முதியோர் உதவிக்குப் படிவம் நிரப்பி அனுப்பினனான். நானே அகராதி பாத்து, ஒரு பிழையில்லாமல் நிரப்பினது. பதில் வந்திருக்கு. முதல் வரியிலயே 'மிஸியூ' எண்டு கிடக்கு. மிஸியூ எண்டால் ஆம்பிளையெல்லோ?"

றோசா வாசித்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னவாம்?"

"உங்களை ஆம்பிளை எண்டு பதிஞ்சிருக்காங்க, ரீச்சர். பெண்சாதி செத்துப்போச்சாம். அதுக்கு அனுதாபம் சொல்லியிருக்காங்க."

"எந்த மடையன் பதிஞ்சவன்?"

"படிவத்தின்ட பிரதியும் வச்சிருக்காங்க. இஞ்ச பாருங்க." றோசா தாளை மேசையில் விரித்தாள். "ஆண் எண்ட பெட்டியில பிழை போட்டிருக்கீங்க."

"ஓம். நான் ஆண் இல்லையே. அதுக்குத்தான் பிழை போட்டது. பெண்ணுக்குச் சரி போட்டிருக்கு, பாரும்."

"துணையை இழந்தவர் எண்டதிலயும் பிழை."

"என்ர மனுசன் கீழ குந்திக்கொண்டு இருக்கிறார். பிழை போடாமல்?"

"இஞ்ச அப்பிடி இல்ல, ரீச்சர். எது உண்மையோ அதில பிழை போடவேணும். பிழை போட்டாத்தான் சரி. சரிக்கு இஞ்ச மதிப்பில்ல." றோசா சிரித்துக்கொண்டே சொன்னாள், அவளுக்கு நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. "இது பிழையும் இல்ல. தேர்தல்ல போடுற புள்ளடி மாதிரி."

ரீச்சர் கடிதத்தைப் பார்த்தபடியே நின்றாள். நல்ல மாணவிக்குக் கடைசிக் கணக்கில் விடை பிழைத்த மாதிரி, உதடு மட்டும் அசைந்தது. பிறகு இரண்டு மாதத்தில் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினாள்.

"மரியதாஸ். அண்டைக்கு அந்தப் பெட்டியில எத்தினை 'இல்லை'?"

"ஒண்டு, ரீச்சர்."

"என்ன நிறம்?"

நான் கூரையைப் பார்த்தேன். எனக்குப் பொய் சொல்ல வரும். அன்றைக்கு வரவில்லை.

அவள் கைப்பையைத் திறந்தாள். சிவப்புப் பேனையின் மூடி இறுகியிருக்கிறதா என்று பார்த்தாள். பையை மூடினாள். பதினெட்டுப் படியும் இறங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் கீழே சரக், சரக் என்று சத்தம். கணேசலிங்கம் காலையிலேயே தள்ளி முடித்திருந்தார். பனியும் நின்றுவிட்டது. யன்னலால் எட்டிப் பார்த்தேன். ரீச்சர், புருசனின் பூட்சைப் போட்டுக்கொண்டு, சேலையைத் தூக்கிச் சொருகி, வெறும் படியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கணேசலிங்கம் சட்டையோடு வெளியே ஓடி வந்தார்.

"என்னப்பா செய்யிறீர்? அது துப்புரவாத்தானே கிடக்கு!"

"உள்ள போங்கோ. பிறகு கதைப்பம்."

அவர் மேலே யன்னலைப் பார்த்தார். நான் திரைச்சீலையை விட்டுவிட்டேன்.

அவள் ஊருக்குச் சொல்லுவாளா, கடையில் என் கூடை எனக்குத் திரும்பக் கிடைக்குமா, தெரியாது. நான் ஒருவரையும் நம்புகிறவன் இல்லை. மறுபடி திரையை விலக்கிப் பார்த்தபோது ஒன்பதாம் படி வரை வந்திருந்தாள். நாலாம் படியின் மூலையில் ஒரு கை அகல ஐஸ் அப்படியே கிடந்தது. அதை விட்டுவிட்டு ஏறியிருக்கிறாள். சொல்வோமா என்று யன்னலைக் கொஞ்சம் திறந்தேன்.

பிறகு மூடிவிட்டேன். ரீச்சருக்கு யார் பிழை போடுவது.